நள்ளிரவு கால்ஷீட்டும் பி12 மாத்திரையும்

கோடம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களில் ஹெச்எம்ஐ விளக்கைப் போட்டால் நள்ளிரவு நண்பகலாகிவிடும். அதன் நிற வெப்பநிலை சுமார் 5600 கெல்வின். உச்சி வெயிலும் ஏறத்தாழ அந்த நிறம்தான். கேமராவை நம்பவைக்கப் போட்ட வெளிச்சத்தை அங்கே நிற்கும் லைட்மேனின் மூளையும் நம்பிவிடுகிறது. பேக்-அப் சொல்லி, விடிந்து வீடு வந்து படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. உடம்பில் சத்து போதவில்லை என்று பி காம்ப்ளெக்ஸ் அட்டையை வாங்குகிறவர்கள் பலர். சத்து மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவருமா?

நம் உடல் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்ன முடிச்சு. பெரும்பாலோரிடம் அதன் சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் அதைத் தினமும் திருத்திவைக்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், வெளியுலக நேரம் எட்டாத தனியறையில் ஆட்களைத் தங்கவைத்து இந்தக் கடிகாரத்தை ஆராய்ந்தார். சமணர் மலைக் குகை வவ்வால்களிடமும் அவர் குழு இதே கேள்வியைக் கேட்டது. வெளிச்சம் புகாத குகைக்குள் அடைத்துவைத்த வவ்வால், தன் இனத்தார் பறந்து போய்வரும் சந்தடியை வைத்தே நேரம் கணித்தது. மனிதருக்குச் சந்தடி போதாது. நம் கடிகாரத்தை முதன்மையாகத் திருத்துவது வெளிச்சம்.

இந்த வேலையில் வைட்டமின்களுக்குப் பங்கு உண்டு. விழித்திரையில் பகலா இரவா என்று கண்டறியும் மெலனாப்சின் என்ற புரதம், வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் ரெட்டினாலைக் கொண்டே ஒளியைப் பிடிக்கிறது. அதுவும் 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியைத்தான் மிக நன்றாகப் பிடிக்கும். ஹெச்எம்ஐ வெளிச்சத்தில் அந்த நீலம் தாராளம். செரடோனின் உருவாக பி6 வேண்டும். இருட்டிய பின் அந்தச் செரடோனினிலிருந்துதான், உடலைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் பிறக்கிறது.

அப்படியானால் கூடுதலாக விழுங்கினால் கூடுதலாகத் தூங்கலாமே? பி12 விஷயத்தில் இந்தக் கணக்கைச் சோதித்தே பார்த்தார்கள். தூங்கும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போன ஒருவருக்கு பி12 கொடுத்ததும் அது ஒழுங்குக்கு வந்ததாக 1983இல் ஓர் ஆய்விதழில் செய்தி வந்தது. ஜப்பானிய மருத்துவர்கள் உற்சாகமானார்கள். பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினைக் கொடுத்துப் பார்த்ததில் சிலருக்குப் பலன் தெரிந்தது. ஒளிக்குக் கடிகாரம் காட்டும் உணர்திறனை அது கூட்டுகிறதோ என்ற ஊகமும் எழுந்தது. பிறகு, பின்னிரவில்தான் தூக்கம் வரும் கோளாறு உள்ள 50 பேரைத் திரட்டி, ஒரு பகுதியினருக்கு தினம் 3 மில்லிகிராமும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது. 1997இல் வெளியான முடிவில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

பி6 கதை வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் 100 பேரிடம் நடந்த சோதனை 2018இல் வெளியானது. படுக்கும் முன் 240 மில்லிகிராம் பி6 எடுத்தவர்களுக்குக் கனவுகள் கூடுதலாக நினைவிருந்தன. பி காம்ப்ளெக்ஸ் எடுத்தவர்களோ தூக்கம் சரியில்லை, எழும்போது அசதி என்றார்கள். 240 மில்லிகிராம் என்பது அன்றாடத் தேவையைப் போல நூறு மடங்குக்கும் மேல். அந்த அளவில் நீண்டநாள் விழுங்கினால் கை கால் நரம்புகளே பாதிக்கப்படலாம்.

குறை இருப்பவருக்கு மாத்திரை உதவும் என்பதில் சந்தேகமில்லை. பாலும் தயிரும் அதிகம் சேர்க்காத சைவர்கள், சர்க்கரைக்கு மெட்பார்மின் பல ஆண்டு எடுப்பவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு பி12 குறையலாம். அதனால் வரும் கால் எரிச்சலும் மதமதப்பும் இரவில் எழுப்பிவிடும். குறையை ஈடுகட்டினால் தூக்கமும் தேறலாம். பகலெல்லாம் தூங்கி இரவில் உழைப்பவருக்கு வெயில் படாமல் வைட்டமின் டி குறைவதும் இயல்பு. ஆனால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொன்ன அளவில்தான் எடுக்க வேண்டும். வாரம் ஒன்று என்று எழுதித் தந்த 60,000 யூனிட் டி மாத்திரையைத் தினம் ஒன்றாக விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

இரவு வேலை ஓரிரு நாள்தான் என்றால், ஷாட் இல்லாத இடைவேளையில் விளக்குகளைவிட்டு விலகி உட்காரலாம். காலையில் வேனில் திரும்புகிறவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். வண்டி ஓட்டுகிறவருக்கு இது கூடாது, கண் சொருகிவிடும். படுக்கும் அறைக்குக் கனத்த திரை வேண்டும். இரவு கால்ஷீட் முடிந்து பகல் வேலைக்குத் திரும்பியதும், காலை வெயிலில் அரைமணி நேரம் நடந்தால் கடிகாரம் பழைய நேரத்துக்கு நகரத் தொடங்கும். மாத்திரை அட்டைக்குக் கொடுக்கும் காசை, ஜன்னலுக்கு நல்ல திரை வாங்கச் செலவிட்டால் தூக்கத்துக்கு லாபம்.