கர்ப்பிணிக்கு பிலாட்டிஸ்: மூச்சில் தொடங்கும் பலம்

கருத்தரிக்கும் முன் ஒரு பெண்ணின் கருப்பை 70 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். பிரசவ நேரத்தில் அது மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ. குழந்தை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி எல்லாம் சேர்ந்த சுமை உடம்பின் முன்பக்கம் ஏறுகிறது. முன்னால் சாய்ந்துவிடாமல் நிற்க, அவள் தன்னை அறியாமலே முதுகைப் பின்னுக்கு வளைக்கிறாள். ஹார்மோன் மாற்றத்தால் இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் இளகுகின்றன. 'இடுப்பே கழன்று விழுகிற மாதிரி இருக்கு' என்று ஏழாம் மாதத்தில் சொல்லாத பெண்கள் குறைவு. 'அப்படித்தான் இருக்கும், போய்ப் படு' என்பதே பெரும்பாலும் அவளுக்குக் கிடைக்கும் பதில்.

இந்தப் பதில் போதாது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் அதில் சேர வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. நடைப்பயிற்சியை எல்லோரும் சொல்கிறார்கள். தசை வலுவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பிலாட்டிஸ் உதவுவது அங்கேதான்.

இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டிஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமாவாலும் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு மென்மை நோயாலும் அவதிப்பட்டவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் தன் முறையைச் செப்பனிட்டார். பிறகு நியூயார்க்கில் அவர் நடத்திய கூடத்துக்குக் காயம்பட்ட நடனக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். கர்ப்பிணிகளுக்கென்று அவர் இதை வகுக்கவில்லை. ஆனால் மூச்சோடு இணைந்த, நிதானமான, கட்டுப்பாடான அசைவு என்ற அதன் அடிப்படை கர்ப்பிணியின் உடம்புக்கு நன்றாகவே பொருந்துகிறது.

காரணம் வயிற்றின் அமைப்பில் இருக்கிறது. மேலே உதரவிதானம், சுற்றிலும் வயிற்றின் ஆழ்தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், அடியில் கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தூளிபோல் ஏந்தியிருக்கும் இடுப்புத்தளத் தசைகள். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் இறங்குகிறது, இடுப்புத்தளமும் லேசாக இறங்கி இளகுகிறது. மூச்சை விடும்போது இரண்டும் மேலேறுகின்றன. அந்த நொடியில் வயிற்றின் ஆழ்தசையும் இறுகி முதுகைத் தாங்குகிறது. பிலாட்டிஸில் சிரமமான அசைவை மூச்சை விட்டபடியே செய்யச் சொல்வது இதற்காகத்தான். இந்தப் பழக்கம் பயிற்சிப் பாயோடு நிற்பதில்லை. மூத்த குழந்தையைத் தூக்கும்போதும், ஒருக்களித்துப் படுக்கையிலிருந்து எழும்போதும் அதுவே கைகொடுக்கும்.

இருமினாலோ சிரித்தாலோ இரண்டு சொட்டுச் சிறுநீர் கசிவதை வெட்கத்தால் மறைக்கும் கர்ப்பிணிகள் ஏராளம். கசிவு இல்லாதபோதே, கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் பிற்பாடு கசிவு வரும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. இறுக்கக் கற்பது பாதி வேலைதான். குழந்தை வெளிவர அதே தசைகள் விரிந்து வழிவிட வேண்டும். எனவே தளர்த்தக் கற்றுத்தராத வகுப்பு அரைகுறை வகுப்பு என்பேன்.

கர்ப்ப காலத்து முதுகுவலியை பிலாட்டிஸ் குறைக்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அறுவை சிகிச்சையே தேவைப்படாது, சுகப்பிரசவம் நிச்சயம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். அந்த வாக்குறுதிக்கு ஆதாரம் போதாது. சிசேரியன் ஆன பெண், தான் சரியாகப் பயிற்சி செய்யவில்லையோ என்று தன்னையே நொந்துகொள்ளும் நிலைக்கு அது தள்ளிவிடும்.

வழக்கமான பிலாட்டிஸை அப்படியே செய்யவும் கூடாது. நான்காம் மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்தால், கருப்பையின் எடை இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்தும், தலை சுற்றும். ஆகவே ஒருக்களித்தும், மண்டியிட்டுக் கைகளை ஊன்றியும், பந்தின் மேல் அமர்ந்தும், சுவரில் சாய்ந்தும் செய்யும் அசைவுகளுக்கு மாற வேண்டும். தலையையும் தோளையும் தூக்கும் வயிற்றுப் பயிற்சிகளை ஒதுக்கிவிடலாம். எந்த அசைவிலாவது வயிற்றின் நடுக்கோடு வரப்புபோல் புடைத்தால் அதை நிறுத்திவிட வேண்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், கர்ப்ப கால உயர் ரத்த அழுத்தமோ கடுமையான ரத்தசோகையோ உள்ளவர்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, ஒரு காலின் ஆடுதசையில் மட்டும் வலி அல்லது வீக்கம் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, கர்ப்பிணிகளுக்குக் கற்றுத்தரத் தனிப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். எத்தனையாவது வாரம், முந்தைய பிரசவம் எப்படி, மருத்துவர் என்ன சொன்னார் என்று முதல் நாளே அவர் உங்களை விசாரிக்க வேண்டும். விசாரிக்காதவரிடம் சேராதீர்கள்.