பிக்கப் வாங்கப் போகிறீர்களா? விமர்சனத்தை நம்பும் முன் உங்கள் மூட்டையை ஏற்றிப் பாருங்கள்

நிலக்கடலை அறுவடை நேரத்தில் மங்கலம்பேட்டை பக்கம் ஒரு வயலுக்குப் போயிருந்தேன். இலைப்புள்ளி நோய் பற்றிப் பேசி முடித்ததும் அந்த விவசாயி கைபேசியை எடுத்து நீட்டினார். "சார், நாலு வருஷமா வாடகை வண்டிக்கே கொடுத்துக்கிட்டிருக்கேன். இப்ப சொந்தமா ஒரு பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன். இந்த வீடியோல ஒரு வண்டிய, பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது, வேணாம்னு சொல்றாரு. எங்க மச்சான் அதே வண்டியத்தான் ஆறு வருஷமா ஓட்டுறாரு. தங்கம்னு சொல்றாரு. யார நம்பறது?"

நான் வாகனப் பொறியாளன் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் விஆர்ஐ நிலக்கடலை ரகங்கள் உருவானதை நம் பகுதி விவசாயிகள் அறிவீர்கள். ஒரு புதிய ரகத்தைச் சோதிக்கும்போது, ஏற்கெனவே பயிரிடும் பழைய ரகத்தையும் அதே வயலில் பக்கத்திலேயே போடுவோம். ஒரே நாள் விதைப்பு, ஒரே உரம், ஒரே தண்ணீர். அதையே பல இடங்களில் திரும்பச் செய்வோம். ஒன்றைத் தண்ணீர் பாய்ச்சியும் மற்றொன்றை மானாவாரியாகவும் போட்டு "இதுதான் நல்ல ரகம்" என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

பிக்கப் விமர்சனங்களில் பெரும்பாலும் நடப்பது அதுதான். விமர்சகர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் ஓட்டிய நிலைமை வேறு, நீங்கள் ஓட்டப்போகும் நிலைமை வேறு.

முதலில், எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

வெளிநாட்டு வீடியோக்களில் நடுத்தர பிக்கப் என்றால் டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற வண்டிகள். நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரும் இடம், பின்னால் சிறிய பாடி. ஹைலக்ஸ் 2022-ல் இந்தியாவுக்கு வந்தது. இசுசு வி-கிராஸும் இதே வகை. குடும்பத்தோடு போகவும், காட்டுப் பாதையில் ஓட்டவும் செய்யப்பட்டவை. மூட்டை ஏற்றும் வேலைக்கு இவற்றை நம் வண்டிகளோடு ஒப்பிடுவது பொருந்தாது.

நம் ஊரில் வேலை செய்பவை வேறு. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நாம் அதைக் குட்டி யானை என்றோம். அது முக்கால் டன் வண்டி. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. ஒன்றேகால் டன் முதல் இரண்டு டன் வரையிலான வரிசையில் இன்று தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப், டாடா இன்ட்ரா, டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் எனப் பல வண்டிகள் உள்ளன. 2022-ல் வந்த யோதா 2.0, 2,000 கிலோ சுமக்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2023-ல் வந்த பொலேரோ மேக்ஸ் பிக்கப் வரிசையில் பத்தடி நீள பாடியும் கிடைக்கிறது.

விமர்சனம் எங்கே தவறுகிறது?

பெரும்பாலான விமர்சனங்களில் வண்டி காலியாக ஓட்டப்படுகிறது. சரக்கு வண்டியின் பின்னால் உள்ள கமான் பட்டைகள் ஒன்றரை டன்னைத் தாங்கும் கனத்தில் அடுக்கப்பட்டவை. பாரம் இல்லாதபோது அவை வளைந்து கொடுக்காது. அதனால் பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும். முக்கால் பாரம் ஏறியதும் அதே வண்டி அமைதியாக உட்கார்ந்து ஓடும். காலி வண்டி மெத்தென்று ஓடுகிறதென்றால், முழு பாரத்தில் அதன் பின்புறம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது நல்லது. அந்த மச்சான் பாரத்தோடு ஓட்டுகிறார். விமர்சகர் காலியாக ஓட்டினார். இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம்.

அடுத்தது குதிரைத்திறன். நெடுஞ்சாலை வேகத்துக்கு அது முக்கியம். வயல் வரப்பிலிருந்து சாலைக்கு ஏறும்போது தேவைப்படுவது குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவிசை, அதாவது டார்க். விவரத்தாளில் டார்க் எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் கிடைத்தால் கிளட்ச் தேய்மானம் குறையும்.

மைலேஜ் கணக்கும் அப்படித்தான். நிறுவனம் சொல்லும் எண் ஆய்வகத்தில், உருளைமேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்தது. உங்கள் பாரமும் மண் பாதையும் அதில் இல்லை. லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் என்ன செய்யும் என்று பாருங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி 14 கொடுத்தால் 107 லிட்டர். 12 கொடுத்தால் 125 லிட்டர். டீசல் 95 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 1,700 ரூபாய், ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல்.

டன் மட்டும் பார்த்தால் போதாது

விமர்சனங்கள் எத்தனை டன் என்று சொல்லும். என்ன சரக்கு என்று கேட்காது. நெல் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 550 முதல் 600 கிலோ இருக்கும். நிலக்கடலைக் காய் 250 முதல் 300 கிலோதான். ஒன்றரை டன் நெல்லை எட்டடி நீளம், ஐந்தரை அடி அகலமுள்ள பாடியில் ஏற்றினால் சுமார் இரண்டடி உயரம் வரும். அதே எடைக்குக் காய் ஏற்றினால் நாலேகால் அடி. பத்தடி பாடியில் அதே காய் மூன்றரை அடிக்குள் அடங்கும்.

உயரம் கூடினால் வளைவில் வண்டி சாயும்; கயிறு கட்டும் வேலையும் கூடும். ஆகவே காய், தீவனம், பஞ்சு போன்ற பருமனான சரக்குதான் அதிகம் என்றால் நீளமான பாடி பாருங்கள். நெல், உரம், பலா, செங்கல் என்றால் சுமை திறன் பாருங்கள். காய் ஏற்றுபவர் டன்னுக்காகக் கூடுதல் பணம் கொடுத்துக் குட்டையான பாடி எடுத்தால், அந்த டன்னை அவரால் ஒருநாளும் பயன்படுத்த முடியாது.

சட்டப்படி எவ்வளவு ஏற்றலாம் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. மொத்த எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்தால் வருவது உங்கள் பாரம். தனியாகக் கனமான பாடி கட்டினால் காலி எடை கூடும். ஏற்றக்கூடிய பாரம் குறையும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. இந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயும் மேலேயும் உள்ள இரண்டு மாடல்களுக்கு இடையே தேர்வு செய்யும்போது இதையும் கணக்கில் சேருங்கள்.

கார் ஓட்டும் லைசென்ஸ் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்துள்ளது. நாம் பேசும் எல்லா வண்டியும் அந்த எல்லைக்குள் வரும்.

ஒருநாள் ஓட்டினால் தெரியாத விஷயம்

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 வண்டிகள்தான் விற்கப்படுகின்றன. டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரி எரிந்து போக, புகைக்குழாய் நன்கு சூடாக வேண்டும். வீட்டிலிருந்து வயல், வயலிலிருந்து களம் என்று குறைந்த தூரம், குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டினால் கரி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். நெடுஞ்சாலையில் ஒருநாள் ஓட்டும் விமர்சகருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. வண்டி எடுக்கும்போதே, விளக்கு எரிந்தால் எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சில வண்டிகளில் டெஃப் என்ற யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். அதில் 32.5 சதவீதம் யூரியா. மீதி தூய்மையாக்கிய நீர். "யூரியாதானே, மூட்டையில் இருக்கிறதே" என்று வயலுக்கு வாங்கிய வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அதன் பூச்சும் கசடும் அந்தக் கருவியைக் கெடுத்துவிடும், செலவு பெரிது. மானிய உரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது குற்றமும் ஆகும்.

விமர்சகர் சரியாகச் சொல்வதையும் கேளுங்கள்

பிரேக், முகப்பு விளக்கின் வெளிச்சம், கண்ணாடியில் பின்னால் தெரியும் அளவு, ஸ்டீயரிங் கனம், சீட் பெல்ட், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றைப் பற்றி விமர்சகர் குறை சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். பல வண்டிகளை ஓட்டியவர் அவர். நாம் ஒன்றிரண்டைத்தான் ஓட்டியிருப்போம். "சீட் எப்படி இருந்தா என்ன" என்று நாம் தள்ளிவிடுவோம். விடியற்காலை சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் உங்கள் பிள்ளையின் இடுப்பு வலிக்கும்போதுதான் அது புரியும்.

மச்சானின் பாராட்டிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். தான் கடன் வாங்கி எடுத்த வண்டியைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காமல், "போன வருஷம் எத்தனை நாள் ஷெட்டில் நின்னுச்சு? டயருக்கு, கிளட்சுக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று கேளுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். அதில் ஒருவராவது மூன்று ஆண்டுக்கு மேல் அந்த வண்டியை ஓட்டியவராக இருக்கட்டும்.

உங்கள் சோதனைத் திடலை நீங்களே அமையுங்கள்

இரண்டு வண்டிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே மாதிரி சோதியுங்கள். டீலர் சோதனை வண்டி தராவிட்டால், அதே மாடல் வைத்திருப்பவரிடம் ஒருநாள் வாடகைக்கு எடுங்கள்.

1. ஒரே எடை, ஒரே சரக்கு, ஒரே ஓட்டுநர், ஒரே பாதை. உங்கள் வயலிலிருந்து விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வரை என்றால் இரண்டுக்கும் அதே பாதைதான்.

2. டேங்கை நிரப்பிப் புறப்படுங்கள். திரும்பி வந்து அதே பங்க்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் பாரத்தோடு கிடைக்கும் மைலேஜ் தெரியும். ஒரே நடையில் முடிவு செய்யாமல் இரண்டு மூன்று நடை பாருங்கள்.

3. பாரத்தோடு வரப்பு ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுங்கள். பின்னால் உருள்கிறதா, கிளட்ச் வாடை வருகிறதா என்று கவனியுங்கள்.

4. உங்கள் தெரு முனையில் ஒரே மூச்சில் திரும்புகிறதா பாருங்கள். மூட்டை தூக்கும் ஆட்களிடம் பாடியின் உயரம் வசதியா என்று கேளுங்கள்.

5. மழைக்குப் பின் ஒருமுறை வயல் பாதையில் காலியாக ஓட்டுங்கள். பின்சக்கரம் இழுக்கும் வண்டி காலியாக இருந்தால் சேற்றில் வழுக்கும். பின் அச்சுக்கு மேலே இரண்டு மூன்று மணல் மூட்டை போட்டால் பிடிமானம் கூடும்.

6. அறுவடைக் காலத்தில் பழுதானால் எந்த ஊர் ஷெட்டுக்குப் போக வேண்டும், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று நோட்டில் மதிப்பெண் போடுங்கள். கூட்டிப் பார்த்தால் பல நேரம் வீடியோவில் இரண்டாவதாக வந்த வண்டி உங்களுக்கு முதலாவதாக வரும்.

யாரும் கேட்காத கேள்வி

எது நல்ல வண்டி என்று சொல்லும் விமர்சனம், உங்களுக்கு வண்டி வேண்டுமா என்று கேட்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு. 8 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 17,000 ரூபாய். காப்பீடு, டயர், சர்வீஸ் சேர்த்து மாதம் 5,000 என்று வைத்தால் 22,000. மாதம் 8 நடை மட்டும் ஓடினால் ஒரு நடைக்கு 2,750 ரூபாய். 20 நடை ஓடினால் 1,100. டீசலும் ஓட்டுநர் கூலியும் தனி. நீங்கள் இப்போது கொடுக்கும் வாடகையை இதோடு ஒப்பிடுங்கள். அறுவடை இல்லாத மாதத்திலும் தவணை வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எந்த வண்டி எடுத்தாலும் பின் பாடியில் ஆட்களை ஏற்றாதீர்கள். களை எடுக்க வரும் பெண்களை நின்றபடி ஏற்றிச் செல்வதை நான் பார்த்திருக்கிறேன். அது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் அவர்களுக்கு இழப்பீடு கிடைப்பதே சிக்கலாகிவிடும். எந்த மாடலின் கமான் பட்டையும் அதை ஈடுகட்டாது.

மங்கலம்பேட்டை விவசாயி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அவருக்கு மாதம் ஆறேழு நடைதான் வந்தது. அக்கம்பக்கத்தில் இருவர் சரக்கையும் சேர்த்து ஏற்ற முடிந்தால் மட்டும் எடுப்பது, இல்லையென்றால் இன்னொரு பருவம் வாடகை வண்டியிலேயே ஓட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார். வண்டியின் பெயரை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. பத்தடி பாடி வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டார்.