'சஃபர்' என்னும் ஆங்கில வினைச்சொல்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் அறிந்துள்ள வினைச்சொற்களுள் 'சஃபர்' என்பதும் ஒன்று. துன்புறுதல் என்பதே அவர்கள் கற்ற பொருள். நோயால் வருந்துவதைச் சொல்லும்போது இவ்வினையை அடுத்து 'ஃப்ரம்' என்னும் சொல் வரும். தோல்வியையோ இழப்பையோ சொல்லும்போது அது வேண்டுவதில்லை. பிலாத்துவின் அதிகாரத்தில் ஆண்டவர் பாடுபட்டதை ஆங்கில விசுவாசப் பிரமாணம் இச்சொல்லாலேயே அறிக்கையிடுகிறது.

இவ்வளவே கற்ற பிள்ளை, பழைய ஆங்கில வேதாகமத்தில் மாற்கு 10-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தைக் காணின் திகைத்து நிற்கும். சிறுவர்களைத் தடுத்த சீடர்களிடம், அவர்களைத் தம்மிடம் வரவிடுமாறு இயேசு சொல்லும் இடம் அது. 1582-இல் ரீம்ஸ் நகரில் வெளியான கத்தோலிக்கப் புதிய ஏற்பாடும், 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பும் அங்கே 'சஃபர்' என்றே எழுதின. அப்படியாயின், குழந்தைகள் துன்புறவேண்டும் என்பதா ஆண்டவரின் விருப்பம்?

ஐயம் தீரச் சொல்லின் பிறப்பை நோக்குவோம். லத்தீனில் 'சுப்' என்றால் கீழ். 'ஃபெர்ரே' என்றால் சுமத்தல். பாரத்தின் கீழ் நின்று அதைத் தாங்குதல் என்பதே மூலப்பொருள். இது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. தாங்குகிறவன் வருந்துகிறான், ஆதலின் துன்புறுதல் என்ற பொருள் பிறந்தது. ஒன்றைத் தடுக்காமல் தாங்கிக்கொள்கிறவன் அதற்கு இடங்கொடுக்கிறான். ஆதலின் அனுமதித்தல் என்ற பொருளும் பிறந்தது. லத்தீன் வேதாகமம் மேற்கண்ட வசனத்தில், 'விடுங்கள்' எனப் பொருள்படும் 'சினித்தே' என்ற சொல்லை ஆள்கிறது. லத்தீன் விசுவாசப் பிரமாணத்திலோ, பாடுகளைக் குறிக்க 'பாஸுஸ்' என்ற வேறு சொல் உள்ளது. இவ்விரு சொற்களுக்கும் பழைய ஆங்கிலப் பெயர்ப்புகள் ஒரே சொல்லைக் கொண்டன. அனுமதித்தல் என்னும் பொருள் பிற்காலத்தில் அருகியமையால், இன்றைய ஆங்கிலப் பெயர்ப்புகள் பலவும் அவ்வசனத்தில் 'லெட்' என்றே எழுதுகின்றன.

தமிழருக்கு இது வியப்பாகாது. நம் 'பொறு' என்னும் வினையும் அத்தகையதே. சுமத்தல், துன்பத்தைச் சகித்தல், குற்றத்தை மன்னித்தல், காத்திருத்தல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். 'பொறை' என்பதற்குப் பாரம் என்றும் பொருள் உண்டு; வள்ளுவர் 16-ஆம் அதிகாரத்திற்குப் பொறையுடைமை என்றே பெயரிட்டார்.

பெற்றோரே, இடங்கொடுப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இவ்விரு சொற்களும் நமக்கு உணர்த்துகின்றன. பூசைவேளையில் அழும் குழந்தைக்கும், சொன்னதையே திரும்பச் சொல்லும் முதிய தாய்க்கும் இல்லத்திலும் ஆலயத்திலும் இடமளிப்பவர் சிறிதளவேனும் சுமக்கத்தான் வேண்டும். அச்சுமையை முகங்கோணாது ஏற்போமாக.