பழைய படகு வாங்கப் போகிறீர்களா?

மாடு வாங்கப் போகும்போது நாம் சும்மா போவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்போம். நடக்கவிட்டுப் பார்ப்போம். சுழி பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவோம். ஏரில் பூட்டி ஒரு சுற்று வந்த பின்தான் விலை பேசுவோம். ஆனால் அதே நாம் பழைய படகு ஒன்றை வாங்கப் போனால், புதிதாகப் பூசிய நீல வர்ணத்தைக் கண்டதும் மடியை அவிழ்த்துவிடுகிறோம்.

இதற்குக் காரணம் உண்டு. தோட்டமும் வயலும் செய்து வாழ்ந்த எங்களுக்குப் படகு பழக்கமில்லாத பொருள். எங்களில் பலர் முதன்முதலாகப் படகேறியது 1990களின் முற்பகுதியில், ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில், கிளாலிக் கடலை இரவில் கடந்தபோதுதான். அன்று படகின் நிறம்கூட எங்களுக்குத் தெரியாது. கரை சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

காலம் எங்களைத் தண்ணீர்க் கரைக்கே கொண்டுவந்து விட்டது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்த குடும்பங்களிற் பல, 2009இல் போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே தம் காணியைக் கண்டன. சிலருக்கு அது இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. களப்போரத்தில் குடியிருக்கும் விவசாயி, நண்டுக்கும் இறாலுக்கும் வலை போட்டாவது அடுப்பெரிக்கலாம் என்று எண்ணுவது இயல்பே. புதுப் படகு வாங்க வசதியில்லை. எனவே பழையதைத் தேடுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் தேடியது. செம்மண்ணில் வெங்காயம் செய்த மனிதர். மனைவியின் காப்பை அடகு வைத்து, பைபர் படகு ஒன்றையும் மண்ணெண்ணெயில் ஓடும் 15 குதிரைவலு இயந்திரம் ஒன்றையும் வாங்கினார். "இழுத்தவுடனே ஸ்ராட் வருது பாத்தீங்களே அண்ணை, ஒரு பிழையும் இல்லாத மிசின்" என்றார் விற்றவர். பன்னிரண்டாம் நாள் நடுக்களப்பில் இயந்திரம் இறுகி நின்றது. தண்ணீரை மேலே இழுக்கும் சிறிய ரப்பர்ச் சக்கரம் இதழ் முறிந்து கிடந்தது. திருத்தக் கையில் ஒரு சதமும் மிச்சமில்லை. ஏழு மாதங்கள் அந்தப் படகு பனைகளின் கீழ் கவிழ்ந்து கிடந்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குடும்பம் ஏமாற்றப்பட்டது ஓர் இடத்திலல்ல, இரண்டு இடங்களில். இயந்திரத்தைப் பார்க்காமல் வாங்கியது ஒன்று. கையிலிருந்த காசு முழுவதையும் விலையாகக் கொடுத்தது மற்றது. இரண்டாவது பிழையே பெரியது.

காசைப் பிரித்து வையுங்கள்

உங்களிடம் நூறு ரூபா இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது ரூபாவுக்கு மேல் படகுக்கும் இயந்திரத்துக்கும் கொடுக்க வேண்டாம். இருபத்தைந்து ரூபாவைத் திருத்த வேலைக்கு ஒதுக்குங்கள். பழைய இயந்திரம் எதுவாயினும் முதல் சில மாதங்களில் ஏதாவது கேட்கும். மிகுதிப் பதினைந்து ரூபா எரிபொருளுக்கும், நங்கூரத்துக்கும், கயிற்றுக்கும், உயிர்காப்பு அங்கிக்கும். நூறு ரூபாப் படகை நூறு ரூபா கொடுத்து வாங்குபவர் கரையில் நிற்பார். அறுபது ரூபாப் படகை வாங்குபவர் கடலுக்குப் போவார்.

எரிபொருளை அற்பமாக எண்ணாதீர்கள். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. அன்று படகை வைத்திருந்த பலர் கரையிலேயே நின்றனர். ஆகவே பெரிய இயந்திரம் என்றால் பெருமை என்று நினைக்க வேண்டாம். களப்பில் தொழில் செய்ய 8 அல்லது 15 குதிரைவலு பல வேளைகளில் தாராளம். 25 குதிரைவலு வாங்கினால் அதன் வயிற்றையும் நீங்களே நிரப்ப வேண்டும்.

படகின் உடம்பு

பைபர் படகு உக்காது என்பார்கள். பைபர் உக்காது, அதற்குள் வைத்த பலகை உக்கும். இயந்திரத்தைக் கொழுவும் பின்பலகைக்குள் பெரும்பாலும் மரம் இருக்கும். ஆணித் துவாரங்களாலும் வெடிப்புகளாலும் தண்ணீர் உள்ளே போனால் அது வெளியே தெரியாமல் உக்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு சுத்தியலின் பிடியே போதும். பின்பலகையை இடத்துக்கு இடம் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கடினமாக ஒலிக்கும். உக்கிய இடம் பழுத்த பூசணியைத் தட்டினாற்போல அமுங்கி ஒலிக்கும். பின்பு இயந்திரத்தைக் கொழுவி, ஒருவர் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க, மற்றவர் பின்பலகையைக் கவனிக்க வேண்டும். பலகை வளைந்து கொடுத்தால், அல்லது ஆணியடியிலிருந்து தண்ணீர் கசிந்தால், அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

அடுத்து படகைக் கவிழ்த்துப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு விடை. மணலிலும் முருகைக்கல்லிலும் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேய்ந்து, பைபரின் நார் தெரிகிறதா? சிலந்தி வலைபோலச் சிறு வெடிப்புகள் ஓரிடத்தில் கூடியிருக்கின்றனவா? அங்கே படகு பலமாக அடிபட்டிருக்கும். ஓரிடத்தில் மட்டும் புது வர்ணம் பூசியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஒரே அளவுள்ள வேறு படகைத் தூக்குவதைவிட இதைத் தூக்கக் கூடுதலான ஆட்கள் தேவைப்பட்டால், உள்ளே அடைத்த மிதவைப் பொருள் தண்ணீர் குடித்திருக்கக்கூடும்.

இயந்திரம்

இதில் நாம் நினைப்பதைவிட நமக்கு அதிகம் தெரியும். மண்ணெண்ணெயில் ஓடிய தோட்டத்து வாட்டர் பம்மைப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றியவர்கள் அல்லவா நாம்? மண்ணெண்ணெய்ப் படகு இயந்திரமும் அவ்வாறே. நிறுத்துமுன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிடுவதும் நல்ல பழக்கம். அடுத்த நாள் அது சுலபமாக ஸ்ராட் வரும்.

பார்க்கப் போகும் நாளில் செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, விற்பவர் கயிற்றை இழுக்குமுன் இயந்திரத்தின் தலையில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் முன்னரே ஓடவிட்டிருக்கிறார். சூடான இயந்திரம் எதுவும் இழுத்தவுடன் வரும். "நல்லது ஐயா, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு மணித்தியாலம் மர நிழலில் இருங்கள். நமது வெங்காயக்காரருக்கு அந்த ஒரு மணித்தியாலம் காப்பைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது, இயந்திரத்தைத் தண்ணீரில் வைத்து ஓடவிடும்போது அதன் பக்கத்துச் சிறு துவாரத்தால் தண்ணீர் தொடர்ந்து பீச்சியடிக்க வேண்டும். அதுதான் உள்ளே குளிர்நீர் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. நூல்போல வந்தால் அல்லது விட்டுவிட்டு வந்தால் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். உப்பு வழியை அடைத்திருக்கலாம். சக்கரத்தை மாற்றுவது பெரிய செலவல்ல. மாற்றாமல் விட்டால் இயந்திரமே போகும். விற்பவர் எதைச் சொன்னாலும், வாங்கிய முதல் கிழமையிலேயே அதைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, கீழ்க்காலில் உள்ள கியர் ஒயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர்போல இருந்தால் சீல் உடைந்து கடல்நீர் உள்ளே போகிறது. ஒயிலில் இரும்புத் தூள் மின்னினால் பற்சக்கரங்கள் தேய்கின்றன.

நான்காவது, மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் சென்று சிலிண்டரின் அமுக்கத்தை அளந்து பாருங்கள். இரண்டு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மிகவும் குறைவாக இருந்தால் செலவு பெரிது. மெக்கானிக்குக் கொடுக்கும் ஒரு நாட்கூலி வீண்செலவல்ல.

ஐந்தாவது, காலின் நீளம். குறுகிய கால் 15 அங்குலப் பின்பலகைக்கும், நீண்ட கால் 20 அங்குலத்துக்கும் பொருந்தும். படகையும் இயந்திரத்தையும் வேறு வேறு இடங்களில் வாங்குவோர் இதில்தான் அடிக்கடி தவறுகின்றனர். எண்ணெயை எந்த அளவில் கலந்தார் என்றும் விற்றவரிடம் கேளுங்கள். தயங்காமல் அளவு சொல்பவர் இயந்திரத்தைக் கவனித்தவர். "ஒரு மட்டத்துக்கு ஊத்துறதுதான் தம்பி" என்பவரின் இயந்திரத்தை இரண்டு முறை யோசியுங்கள்.

விசிறி இல்லாத படகு

யாழ்ப்பாணக் களப்பில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். விசிறி சேற்றில் அடிபடும், சாதாளையில் சிக்கும். "விசிறியே இல்லாத படகு இல்லையா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. அதைச் செய்துகாட்டியவரும் ஒரு விவசாயியே. நியூசிலாந்தின் தென் தீவில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த வில்லியம் ஹமில்ரன் என்பவர், கல்லும் மணலும் நிறைந்த ஆழமற்ற ஆறுகளில் ஏறிப்போவதற்காக 1954இல் ஜெற் படகை ஓட்டினார். அதன் தத்துவம் வாட்டர் பம்தான். அடியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் வேகமாகப் பீச்சும். அந்த உதைப்பில் படகு முன்னே பாயும். பம்மின் குழாயைப் பிடித்தவர்களுக்கு அந்த உதைப்புத் தெரியும். 1977இல் எட்மண்ட் ஹிலாரி கங்கையாற்றில் எதிர்நீச்சலாகச் சென்றதும் இத்தகைய படகுகளில்தான்.

அங்கே பழைய ஜெற் படகை வாங்குவோரும் நம்மைப் போலவே பார்த்துத்தான் வாங்க வேண்டும். மணல் உள்ளே போய் பம்மின் சுழலியையும் அதைச் சுற்றிய வளையத்தையும் அரித்துவிடும். இடைவெளி கூடினால் இயந்திரம் இரையும், படகு நகராது. நமது களப்புக்கு இது பொருந்தாது. சாதாளை வாயை அடைக்கும். மெதுவாக ஓடும்போது விசிறியைவிடக் கூடுதலாக எரிபொருள் குடிக்கும். உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டும். ஆழமற்ற இடத்தில் இயந்திரத்தைச் சாய்த்துத் தூக்கிவிட்டுக் கம்பூன்றிப் போவதே நமக்கு மலிவான ஜெற்.

கடதாசி இல்லாமல் காசு வேண்டாம்

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு பதிவு செய்யப்பட வேண்டும். படகின் பக்கத்தில் எழுதிய இலக்கமும் பதிவுக் கடதாசியில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா? இயந்திரத்தில் பொறித்த இலக்கம் சுரண்டப்பட்டிருக்கிறதா? சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் தொடாதீர்கள். அது இன்னொரு ஏழையின் களவுபோன உழைப்பாக இருக்கலாம். பொலிசார் வந்தால் படகும் போகும், காசும் போகும். விற்பவரையும் கூட்டிக்கொண்டு உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் போய்ப் பெயர் மாற்றத்துக்கு வேண்டியதைச் செய்த பின்பே கடைசித் தொகையைக் கொடுங்கள்.

அதற்கும் முன்னர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்திடம் போய்ப் பேசுங்கள். எங்கே வலை போடலாம், எங்கே பிறரின் களங்கண்டி நிற்கிறது, எந்தக் காற்றில் போகக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நமது வரம்பில் ஒருவர் கேட்காமல் மண்வெட்டி வைத்தால் நாம் பொறுப்போமா? அவர்களுக்கும் கடல் வரம்புதான். பழைய படகுகளின் சரித்திரமும் அவர்கள் வாயில் இருக்கும். "அதையோ? அது போன மாரியிலே பாரிலே ஏறினது" என்ற ஒரு சொல் உங்கள் காசைக் காப்பாற்றும்.

கடைசியாக, கடலில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அரை மணித்தியாலமாவது, நீங்கள் ஏற்ற நினைக்கும் ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கட்டும். நீந்தத் தெரியாத விவசாயிக்கு அது குடையல்ல, உயிர்.

அந்த வெங்காயக்காரரின் படகு இப்போது ஓடுகிறது. அயலிலுள்ள இரண்டு குடும்பங்களைப் பங்குக்குச் சேர்த்து, வேறோர் இயந்திரத்தை வாங்கினார்கள். இம்முறை மனைவியும் கூடப் போனார். எல்லாரும் விலை பேசிக்கொண்டிருக்க, அவர் ஒன்றும் பேசாமல் போய் இயந்திரத்தின் தலையில் கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. "இப்ப இழுங்கோ தம்பி, பாப்பம்" என்றார்.

மூன்றாம் இழுப்பில் வந்தது. முதல் இழுப்பில் வந்த பழைய இயந்திரத்தைவிட அதை அவர்கள் நம்பினார்கள். ஒதுக்கி வைத்த காசில் அன்றே புது ரப்பர்ச் சக்கரம் வாங்கிப் போட்டார்கள். அடகில் இருந்த காப்பு அடுத்த ஆண்டு வீட்டுக்கு வந்தது.