கோழிகளின் வெள்ளைக் கழிச்சல்

செல்லமாய் வளர்த்த கோழி தீனி எடாது, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகிக் கிடக்கக் கண்டால் மஞ்சளும் மிளகும் அரைத்து ஊட்டுகிறோம். அன்பினால் செய்வதுதான், ஆயினும் பயனில்லை. குமாவோன் மலையிலுள்ள ராணிகேத் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் இந்நோய் வைரஸ் கிருமியால் வருவது. இதைத் தீர்க்கும் மருந்து கிடையாது, பெனிசிலினும் உதவாது. நோயுற்றதைத் தனியே பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதே முறை. அவசரப்பட்டுச் சந்தைக்கு அனுப்புவோர் அடுத்த ஊருக்கு நோயையே விற்கின்றனர்! இறந்தவற்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும்.

தடுப்பு மருந்து ஒன்றே காப்பு. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு. 8-ஆம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. நோய் கண்ட கோழிக்கு இவை பலிக்கமாட்டா. மருந்து வெப்பத்தில் கெடுமாதலால் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நாள் குறித்து, முதல் நாளே ஊராருக்கு அறிவித்தால், விடியற்காலையில் கூடுகளைத் திறக்குமுன் ஊர்க் கோழிகள் அனைத்திற்கும் போட்டுவிடலாம்.