"ஆம்பளை ஊசி" போட்டால் சர்க்கரை இறங்குமா? நைட் ஷிப்ட்காரர்களே, உஷார்!

நெய்வேலி:

பழுப்பு நிலக்கரி நகரமான நெய்வேலியில் இரவு, பகல் என்ற பேச்சே கிடையாது. 1957-ல் பிரதமர் நேரு தொடங்கி வைத்த சுரங்க வேலை, மூன்று ஷிப்டாக ஓடுகிறது. எந்திரத்துக்குத் தூக்கம் வேண்டாம். மனுஷனுக்கு வேண்டுமே!

தூக்கம் கெட்டால் உடம்பு கெடும். கூடவே சர்க்கரை வியாதியும் எட்டிப் பார்க்கும். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக, 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது.

வெளியே சொல்ல வெட்கம்

சர்க்கரை வந்த ஆண்கள் பலருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எப்போதும் அசதி. தொப்பை. இல்லற சுகத்தில் நாட்டமில்லை. இதை மனைவியிடம் சொல்லக் கூச்சம். டாக்டரிடம் சொல்ல அதைவிடக் கூச்சம்!

கடைசியில் எங்கே போகிறார்கள்? லாட்ஜில் ரூம் போட்டு, "இழந்த வாலிபம் திரும்பும்" என்று நோட்டீஸ் ஒட்டும் ஆசாமியிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

இந்தத் தொல்லைக்குக் காரணம் பல. நாள்பட்ட சர்க்கரை, நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்கும். சிலருக்கு 'டெஸ்டோஸ்டிரோன்' என்ற ஆண் ஹார்மோன் குறைந்திருக்கும். அமெரிக்காவின் பபலோ நகரில் 103 சர்க்கரை நோயாளிகளைச் சோதித்தார்கள். மூவரில் ஒருவருக்கு இந்த ஹார்மோன் குறைவு! 2004-ல் இது வெளியானது.

"அப்படின்னா அந்த ஹார்மோனையே ஊசியா போட்டுட்டா வீரியமும் வரும், சர்க்கரையும் இறங்குமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஊசி என்ன செய்தது?

ஆஸ்திரேலியாவில் 1,007 பேரை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் 50 வயது தாண்டியவர்கள், தொப்பைக்காரர்கள். சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்கள், அல்லது புதிதாக வந்தவர்கள். அனைவருக்கும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி. பாதிப் பேருக்கு மட்டும் ஹார்மோன் ஊசி. மற்றவர்களுக்கு வெறும் ஊசி.

2021-ல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, வெறும் ஊசி போட்டவர்களில் 100-க்கு 21 பேருக்கு சர்க்கரை வியாதி. ஹார்மோன் ஊசி போட்டவர்களில் 12 பேருக்குத்தான்!

ஆனால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அதே ஊசி போட்டவர்களில் 100-க்கு 22 பேருக்கு ரத்தம் அளவு மீறிக் கெட்டியானது.

அடுத்து அமெரிக்காவில் ஹார்மோன் குறைந்த 5,200 ஆண்களிடம் பெரிய சோதனை. ஊசிக்குப் பதில் தோலில் தடவும் மருந்து. 2023-ல் இதய முடிவு வந்தது. மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் ரத்தக் கட்டியும் சற்று அதிகம். 2024-ல் சர்க்கரை முடிவு வந்தது. சர்க்கரை இறங்கவே இல்லை!

ஆக, இது சர்க்கரைக்கான மருந்து அல்ல. சர்க்கரையைக் குறைப்பதற்காக இதைப் போட வேண்டாம் என்று ஹார்மோன் நிபுணர்கள் 2018-லேயே சொல்லிவிட்டார்கள். குழந்தை வேண்டும் என்பவர்கள் தொடவே கூடாது. விந்தணு உற்பத்தியே படுத்துவிடும்!

ரத்தம் எப்போது கொடுப்பது?

நெய்வேலிக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த ஹார்மோன் தூக்கத்தில் ஊறி, எழுந்திருக்கும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும். தூக்கம் குறைந்தால் இதுவும் குறையும். சிகாகோவில் 10 வாலிபர்களை ஒரு வாரம் தினமும் 5 மணி நேரமே தூங்க விட்டார்கள். ஹார்மோன் 100-க்கு 10 முதல் 15 வரை சரிந்தது. இது 2011-ல் வெளியான செய்தி.

நைட் ஷிப்ட் முடித்து, கண் எரிச்சலோடு நேரே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தால்? நல்ல ஆம்பளைக்கும் "குறைவு" என்று சீட்டு வரலாம். அதைப் பார்த்து வேண்டாத ஊசி ஏறலாம்!

எனவே பகல் ஷிப்ட் வாரத்தில், ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுங்கள். ஒரு முறை போதாது. வேறொரு நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் குறைவு, உடம்பிலும் அறிகுறி இருக்கிறது என்றால்தான் மருந்து பற்றிப் பேச்சு. அப்போதும் ரத்தக் கெட்டித்தன்மையையும், பிராஸ்டேட் சுரப்பியையும் டாக்டர் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

தொப்பை கரைந்தால் பலருக்கு இந்த ஹார்மோன் தானாகவே ஏறும். சர்க்கரையும் இறங்கும். அதற்கு லாட்ஜ் வைத்தியமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

அடுத்த முறை சர்க்கரை மாத்திரை வாங்க டாக்டரிடம் போகும்போது, கூச்சத்தை வாசலிலேயே கழற்றி வையுங்கள். "எனக்கு இந்தத் தொல்லையும் இருக்கு டாக்டர். நான் நைட் ஷிப்ட்காரன்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டும் தெரிந்தால்தான் அவரால் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்!