வெற்றிடத்தை அளந்த மெல்லிய கம்பி

பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? முனைகளுக்கு இடையே ஒன்றும் இல்லாதபோது அது சுழியைக் காட்டுகிறதா என்று பார்ப்பீர்கள். காட்டாவிட்டால் அது சுழிப்பிழை. இதே வகைப் பிழை ஒன்று தேர்ந்த விஞ்ஞானிகளையும் பல ஆண்டுகள் ஏமாற்றியது என்றால் நம்புவீர்களா?

ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து காற்றை எவ்வளவு வெளியேற்றினாலும் சிறிது வாயு எஞ்சியே நிற்கும். அதன் அழுத்தத்தை 'டார்' என்னும் அலகால் அளக்கிறோம். நம்மைச் சூழ்ந்த வளிமண்டலத்தின் அழுத்தம் 760 டார். மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கப் பாதரசத் தம்பம் உதவாது. அதற்கென வந்ததுதான் அயனியாக்க அழுத்தமானி.

பார்வைக்கு அது பழைய ரேடியோ வால்வு போல இருக்கும். நடுவில் சூடான இழை. அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். எல்லாவற்றுக்கும் வெளியே உலோக உருளை. இழையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்களை, நேர் மின்னழுத்தம் பெற்ற சுருள் ஈர்க்கிறது. அவை வாயு மூலக்கூறுகளில் மோதும்போது நேர் அயனிகள் உண்டாகின்றன. உருளை அந்த அயனிகளைத் திரட்டுகிறது. வாயு குறையக் குறைய அயனி மின்னோட்டமும் குறையும்.

ஆனால் 1940-களில் ஒரு விந்தை தெரிந்தது. எத்தனை நல்ல பம்பைப் பூட்டினாலும், அழுத்தமானி ஒரு டாரில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க மறுத்தது. அந்த அழுத்தத்தில்கூட ஒரு கன சென்டிமீட்டரில் ஏறக்குறைய 33 கோடி மூலக்கூறுகள் இருக்கும். தூய உலோகப் பரப்பு ஒன்றை உள்ளே வைத்தால், சில நிமிடங்களில் அதன்மேல் வாயு படிந்துவிட வேண்டும். பரிசோதனைகளிலோ பரப்பு நெடுநேரம் தூய்மையாகவே இருந்தது! அப்படியானால் தவறு பம்பிலா, அளக்கும் கருவியிலா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த வெய்ன் நாட்டிங்ஹாம் 1947-இல் ஒரு விளக்கம் கூறினார். எலெக்ட்ரான்கள் சுருளில் மோதும்போது வலுக்குறைந்த எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. அவை உருளையில் பட்டு, அங்கிருந்து எலெக்ட்ரான்களை வெளியேற்றுகின்றன. உருளைக்கு ஒரு நேர் அயனி வந்து சேர்ந்தாலும், அதைவிட்டு ஓர் எலெக்ட்ரான் வெளியேறினாலும், மின்னோட்டமானிக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே வாயுவே இல்லாவிட்டாலும் மின்னோட்டம் பாயும்!

இந்தப் பிழையைக் கழித்துவிடலாமே என்கிறீர்களா? ஒன்றும் வைக்காதபோதே 50 கிராம் காட்டும் தராசில் ஓர் இறகை நிறுத்துப் பாருங்கள், தொல்லை புரியும்.

1950-இல் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் பேயார்டு, டேனியல் ஆல்பெர்ட் இருவரும் இதற்கு எளிய வழி கண்டனர். கருவியின் உள்ளமைப்பைத் தலைகீழாக்கினர். இழையைச் சுருளுக்கு வெளியே வைத்தனர். பெரிய உருளையை எடுத்துவிட்டு, சுருளின் நடுவே மெல்லிய கம்பி ஒன்றை நிறுத்தினர். கம்பியின் பரப்பு உருளையின் பரப்பைவிடப் பல நூறு மடங்கு சிறியது; எனவே எக்ஸ் கதிர்களில் மிகச் சிறு பங்கே அதன்மேல் பட்டது. சுருளுக்குள் பிறந்த அயனிகளோ நடுக்கம்பியை நாடி வந்து சேர்ந்தன.

புதிய கருவி, பழைய எல்லையைவிட நூறு மடங்குக்கும் கீழான அழுத்தத்தை அளந்து காட்டியது. பம்புகள் முன்பே நன்றாக வேலை செய்திருந்தன. அதைக் காணும் கண்தான் இல்லாதிருந்தது! ஒரு டாரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அழுத்தத்தில், உலோகப் பரப்பை வாயு மூட ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அணுக்களின் பரப்பை ஆராய விரும்பியவர்களுக்கு இந்த அவகாசம் பெரும் பேறாயிற்று. பேயார்டு-ஆல்பெர்ட் அழுத்தமானி இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது.

அடுத்த முறை உங்கள் கருவியின் முள் ஓரிடத்தில் அசையாமல் நின்றால், உடனே விடையைக் குறித்துவிடாதீர்கள். நின்றது நீங்கள் அளக்கும் பொருளா, கருவியா என்று ஒரு கணம் கேளுங்கள்.